செல்போன் காலத்தில் சிவப்புப் பெட்டி எதற்கு?

கேள்வி: பாஸ்டனில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். காலையில் நடக்கப் போகும்போதெல்லாம் தெருமுனைக் கம்பத்தில் ஒரு சிவப்பு இரும்புப் பெட்டியைப் பார்க்கிறேன். முகப்பில் ஒரு கைப்பிடி, ஓர் எண். தீப்பிடித்தால் அதை இழுக்க வேண்டுமாம். “அந்தக் காலத்துச் சாமான்தான், ஆனா இன்னும் வேலை செய்யுது அத்தை” என்கிறார் மருமகன். எல்லார் கையிலும் செல்போன் இருக்கிற ஊரில் இதை ஏன் கட்டிக் காக்கிறார்கள்? பழசை விட மனசில்லையா, நிஜமாகவே பயன் உண்டா? உண்டு என்றால் நம் சென்னையிலும் வைக்கலாமே? தீ, வெள்ளம் என்றால் போன்தான் முதலில் சாகிறது.
— ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்: மருமகன் சொன்னது சரி. அந்தப் பெட்டிக்கு இன்னும் உயிர் இருக்கிறது. கதவைத் திறந்து உள்ளே உள்ள கொக்கியை இழுத்தால் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும். பாஸ்டனில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இப்படிக் கம்பியில் இணைந்து நிற்கின்றன. பழசின் மேல் பாசமா என்றால், அதுவும் உண்டு. ஆனால் வெறும் பாசத்துக்காக எந்த நகராட்சியும் ஆண்டுக்கணக்கில் செம்புக் கம்பிக்குச் செலவு செய்யாது. பயன் இருக்கிறது. நாம் முதலில் நினைக்கும் பயன் அல்ல, அவ்வளவுதான்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டால் பாதி விவகாரம் விளங்கிவிடும். கதவைத் திறந்தால் சாவி கொடுத்து வைத்த ஒரு ஸ்பிரிங், அது சுற்றும் சில பித்தளைச் சக்கரங்கள். அவற்றில் ஒன்றின் விளிம்பில் பல் வெட்டியிருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் பல் வேறு மாதிரி. பெட்டியின் எண் 1514 என்றால் முதலில் ஒரு பல், கொஞ்சம் இடைவெளி, பிறகு ஐந்து, பிறகு ஒன்று, பிறகு நான்கு. தலைமை அலார அலுவலகத்திலிருந்து கிளம்பும் ஒரு கம்பி வரிசையாகப் பல பெட்டிகளுக்குள் நுழைந்து வெளிவந்து, மறுபடி அதே அலுவலகத்துக்குப் போய்ச் சேருகிறது. அந்த வளையத்தில் சிறிய மின்னோட்டம் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் கொக்கியை இழுத்ததும் ஸ்பிரிங் விடுபட்டுச் சக்கரம் சுழலும். ஒவ்வொரு பல்லும் அந்த ஓட்டத்தை ஒரு கணம் அறுக்கும். அறுபடும் ஒவ்வொரு முறையும் அலுவலகத்தில் மணி ஒரு தட்டுத் தட்டும், காகித நாடாவில் ஒரு துளை விழும். ஒரே எண் நான்கு முறை திரும்பத் திரும்ப வரும். முதல் முறை கவனிக்காமல் விட்டவர் இரண்டாம் முறையில் பிடித்துக்கொள்வார்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று. பெட்டிக்கென்று தனியாக மின்சாரம் வேண்டாம். தெரு முழுக்க இருட்டாக இருந்தாலும் அதன் வேலைக்குத் தேவையான பலம் ஸ்பிரிங்கில் இருக்கிறது. மின்னோட்டம் அலுவலகத்தின் பேட்டரியிலிருந்து வருகிறது. இன்னொன்று, கம்பி எங்காவது அறுந்தால் ஓட்டம் நின்றுபோகும், அலுவலகத்துக்கு அந்த நொடியே தெரிந்துவிடும். நம் வீட்டு லேண்ட்லைன் செத்துப்போனது எப்போது தெரிகிறது? அவசரமாக எடுத்துக் காதில் வைக்கும்போதுதான். இந்தப் பெட்டி கெட்டுப்போனால் அதைக் கெட்டுப்போன அன்றே சொல்லிவிடும். பின்னாளில் வந்த பெட்டிகளில், கம்பி ஓரிடத்தில் அறுந்தாலும் தரைவழியாக மின்சுற்றை முடித்து எண்ணை அனுப்பும் ஏற்பாடும் செய்தார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பெட்டியை இழுத்தால் எண்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல், ஒன்று முடியும்வரை மற்றது காத்திருக்கும் ஏற்பாடும் வந்தது. ஒரு சில்லும் இல்லாமல் பித்தளையிலேயே இதையெல்லாம் சாதித்தவர்களை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும்.

இதெல்லாம் தொடங்கியது நீங்கள் இருக்கும் அதே ஊரில்தான். வில்லியம் சானிங் என்ற மருத்துவரும் மோசஸ் ஃபார்மர் என்ற மின்பொறியாளரும் சேர்ந்து அமைத்த தீத் தந்தி முறை 1852 ஏப்ரல் 28 அன்று பாஸ்டனில் செயல்படத் தொடங்கியது. மறுநாளே முதல் தீ. அப்போது கொக்கி கிடையாது, கையால் சுற்றும் கைப்பிடிதான். ஓடிவந்தவர் பதற்றத்தில் அதைக் கண்டபடி வேகமாகச் சுற்ற, அலுவலகத்தில் இருந்தவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் ஆள் நேரில் போய்த்தான் சொல்ல வேண்டியிருந்தது. மனிதக் கையின் அவசரம் உள்ளே நுழையக் கூடாது என்றுதான் பிறகு ஸ்பிரிங் வந்தது. இழுப்பது மட்டும் மனிதர் வேலை, எண்ணைச் சொல்வது இயந்திரத்தின் வேலை.

1855இல் சானிங் வாஷிங்டனில் பேசியபோது கேட்டுக்கொண்டிருந்தவர்களில் தென் கரோலினாவைச் சேர்ந்த ஜான் கேம்வெல் ஒருவர். தபால் நிலையமும் தந்தியும் பார்த்துக்கொண்டிருந்தவர். அந்தத் தந்தி முறையின் காப்புரிமையை முப்பதாயிரம் டாலருக்கு வாங்கினார். உள்நாட்டுப் போரில் தென்னாட்டுக்காரர் சொத்து என்று அரசு அதைப் பறிமுதல் செய்தது. போர் முடிந்தபின் பாஸ்டன்காரர் ஒருவர் ஏலத்தில் 80 டாலருக்கு எடுத்து மறுபடி அவரிடமே கொண்டுவந்து சேர்த்தார். அமெரிக்க நகரங்களில் பெரும்பாலான பெட்டிகளில் இன்றும் அவர் பெயர்தான். மின்னல்களைப் பிடித்த ஒரு முஷ்டி, அதுதான் அவர் கம்பெனியின் முத்திரை. அடுத்த முறை நடக்கப் போகும்போது உங்கள் தெருப் பெட்டியில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

இருந்தும் இந்தப் பெட்டியைப் பற்றி யார் பேசினாலும் 1872ஆம் ஆண்டைத் தாண்டிப் போக முடியாது. பாஸ்டனில் நவம்பர் 9, சனிக்கிழமை மாலை. சம்மர் தெருவும் கிங்ஸ்டன் தெருவும் சந்திக்கும் மூலையில் ஒரு கிடங்குக் கட்டடத்தின் அடித்தளத்தில் தீ. லிஃப்ட் போகும் குழி வழியாக மேலே ஏறிக் கூரைக்குப் போய்விட்டது. ஆற்றுக்கு அக்கரையில் சார்ல்ஸ்டவுனில் இருந்தவர்கள் கண்ணுக்கே வெளிச்சம் தெரிந்துவிட்டது. ஆனால் பக்கத்துத் தெருவில் நின்ற 52ஆம் எண் பெட்டியிலிருந்து தகவல் போனது மாலை 7.24க்குத்தான்.

ஏன் தாமதம்? பெட்டிகள் பூட்டியிருந்தன. விளையாட்டுக்கு இழுத்து வண்டிகளை அலைக்கழிப்பவர்களுக்குப் பயந்து, சாவியைப் போலீஸ்காரர்களிடமும் பக்கத்தில் நம்பிக்கையான ஆட்களிடமும் கொடுத்து வைத்திருந்தார்கள். தீயைப் பார்த்தவர் முதலில் சாவி வைத்திருப்பவரைத் தேட வேண்டும். தீயணைப்புத் தலைவர் ஜான் டாம்ரெல் முன்பே எச்சரித்துக்கொண்டிருந்தார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அது போதாதென்று அந்த மாதம் குதிரைகளுக்கெல்லாம் தொற்றுக் காய்ச்சல். நீராவி இயந்திரங்களை ஆட்களே கயிறு போட்டு இழுத்து வந்தார்கள். 776 கட்டடங்கள், ஏறத்தாழ 65 ஏக்கர் சாம்பலாயின. பழியை முழுக்கப் பூட்டின் மேல் போடுவது நியாயமில்லை. குறுகிய தெரு, மரக்கூரை, தண்ணீர்க் குழாயில் போதாத அழுத்தம், எல்லாம் சேர்ந்துதான் ஊரை எரித்தன. ஆனாலும் பூட்டு அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இந்தப் பெட்டியின் வரலாறு முழுக்க இந்த ஒரு சிக்கல்தான். யாரும் இழுக்கலாம் என்று திறந்து வைத்தால் போக்கிரிப் பிள்ளைகள் இழுப்பார்கள். பூட்டி வைத்தால் ஊர் எரியும். நடுவழியாக என்னென்னவோ செய்து பார்த்தார்கள். கைப்பிடியைத் திருப்பியதும் பெட்டியிலேயே ஒரு மணி கிணுகிணுக்கும், தெருவே திரும்பிப் பார்க்கும், குறும்புக்காரன் ஓடிவிடுவான் என்று ஒரு வகை. சாவியை நுழைத்து இழுத்தால் தீயணைப்புக்காரர் வந்து விடுவிக்கும்வரை சாவி உள்ளேயே மாட்டிக்கொள்ளும், சாவியில் உள்ள எண்ணை வைத்து இழுத்தவர் யாரென்று கண்டுபிடித்துவிடலாம் என்று இன்னொரு வகை. எதுவும் முழுசாகத் தீர்த்துவைக்கவில்லை. 1960களிலும் 70களிலும் நியூயார்க்கின் சில பகுதிகளில் பொய் அழைப்பு மழையாகப் பொழிந்தது. ஒவ்வொன்றுக்கும் வண்டி மணியடித்துக்கொண்டு ஓட வேண்டும். ஓடும் வழியில் விபத்து நடக்கலாம், அதே நேரம் வேறு தெருவில் நிஜத் தீ காத்திருக்கலாம். பெட்டியை எடுத்துவிட வேண்டும் என்பவர்களின் முதல் வாதம் இன்றும் இதுதான். அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. பல நகரங்களில் பெட்டி வழியே வரும் அழைப்புகளில் பெரும்பகுதி பொய்தான்.

இரண்டாவது வாதம், பெட்டி ஊமை. “மூன்றாவது மாடியில் புகை, உள்ளே குழந்தைகள் இருக்கிறார்கள்” என்று அதற்குச் சொல்லத் தெரியாது. தன் எண்ணை மட்டும் சொல்லும். எண் என்றால் இடம். அதுவும் பெட்டி நிற்கும் இடம்தான், தீ எரியும் இடமல்ல. இடம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1871 அக்டோபர் 8 இரவு சிகாகோவில் மூண்ட பெருந்தீ சாட்சி. நீதிமன்றக் கோபுரத்திலிருந்த காவலாளி தூரத்தில் வெளிச்சத்தைக் கண்டு, இடத்தைத் தவறாகக் கணித்து 342ஆம் எண்ணை அடிக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் தவறு தெரிந்து மாற்றச் சொன்னபோது, மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும் என்று தந்திக்காரர் மறுத்துவிட்டார். வண்டிகள் வேறு இடத்துக்குக் கிளம்பின. இன்று நல்ல செல்போன் அழைப்பில் ஆளின் குரலும் கிடைக்கிறது, இடமும் ஓரளவுக்குத் தெரிகிறது. ஆகவே சாதாரண நாளில், எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது, போன்தான் மேல். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. பெட்டிக்குப் பக்கத்திலேயே நீங்கள் நின்றிருந்தாலும், கையில் போன் வேலை செய்தால் 911 என்ற அவசர எண்ணுக்கே அடியுங்கள்.

அப்படியென்றால் பெட்டியின் கணக்கு தீர்ந்துவிட்டதா? லண்டன் அப்படித்தான் முடிவு செய்தது. 1937 ஜூனில் 999 என்ற அவசர எண் வந்தது, பிறகு தெரு அலாரங்கள் காணாமல் போயின. அமெரிக்காவில் 911இன் முதல் அழைப்பு 1968இல் அலபாமாவில். அதன்பிறகு ஊர் ஊராகப் பெட்டிகளைக் கழற்றினார்கள். பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸிலேயே எத்தனையோ சிற்றூர்கள் கழற்றிவிட்டன. அந்த ஊர்களில் முன்பு ஒரு வழக்கம் இருந்தது. தீயணைப்பு நிலையத்தின் கூரையிலிருக்கும் ஊதுகுழல் பெட்டி எண்ணையே ஊதும். சமையலறைச் சுவரில் எண் பட்டியல் தொங்கும். ஊதலை எண்ணிப் பார்த்து, “அது நம்ம மாமா தெருவாச்சே” என்று கிளம்புவார்களாம். பெட்டியோடு அதுவும் போயிற்று.

நியூயார்க் கழற்றப் பார்த்தது, முடியவில்லை. அதைத் தடுத்தவர்கள் தீயணைப்புக்காரர்கள் அல்லர், காது கேளாதவர்கள். மேயர் ஜூலியானி காலத்தில் பெட்டிகளை எடுத்துவிட்டுத் தெருவோரக் கட்டணப் போனை நம்பலாம் என்று திட்டம் வந்தது. காது கேளாதவர் போனில் எப்படிப் பேசுவார், பேசினாலும் பதிலை எப்படிக் கேட்பார் என்று அவர்களின் சங்கம் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி ராபர்ட் ஸ்வீட் 1996இல் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டப்படி, மற்றவர்களுக்குக் கிடைக்கும் உதவி இவர்களுக்கும் அதே மாதிரி கிடைத்தாக வேண்டும். 2010 வாக்கில் மேயர் ப்ளூம்பெர்க் சுமார் 15,000 பெட்டிகளை நிறுத்த மறுபடி முயன்றார். காரணம் செலவும் பொய் அழைப்பும்தான். 2011இல் அதே நீதிபதி மறுபடி மறுத்தார். அந்த ஊரில் 911க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி வந்ததே 2020 ஜூனில்தான். ஊமைப் பெட்டி என்று மேலே குறை சொன்னேன் அல்லவா? பேச முடியாதவருக்கு அதே ஊமைத்தனம்தான் வாய். இழுத்தால் போதும், பேச வேண்டாம், எழுத வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். அந்த வகையில் அது உங்களைப் போல் வெளிநாட்டில் போய் நிற்கும் பெரியவர்களுக்கும் பொருந்தும்.

ஆனால் இன்று குறுஞ்செய்தி வந்துவிட்டது. ஆகவே அந்த வாதமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. மிச்சம் நிற்பது ஒன்றுதான், அதைத்தான் நான் உறுதியான பயனாக நினைக்கிறேன். இந்தக் கம்பி வேறு யாருடையதும் அல்ல, நகரத்தின் சொந்தக் கம்பி. போன் கம்பெனி, இணையம், செல்போன் டவர், மின்வாரியம், இவற்றில் எது விழுந்தாலும் இது கூடவே விழாது.

2018 டிசம்பரில் என்ன நடந்தது தெரியுமா? செஞ்சுரிலிங்க் என்ற பெரிய தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வலையமைப்பில், கொலராடோவின் டென்வரில் இருந்த ஒரே ஒரு கருவி அட்டை கெட்டுப்போய், கோணல் தரவுகளைக் கக்கத் தொடங்கியது. 37 மணி நேரம் கோளாறு. 39 மாநிலங்களில் பரவி, லட்சக்கணக்கானவர்களுக்கு 911 கிடைக்குமா என்பதே சந்தேகமாயிற்று. கொலராடோவில் ஓர் அட்டை கெட்டால் வேறு மாநிலத்துக்காரர் தீயணைப்பை அழைக்க முடியாது என்றால், அவர் போன் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. எல்லாப் போனும் கடைசியில் ஒரே வாசல் வழியாகத்தான் போகிறது. வாசல் அடைத்துக்கொண்டது.

2024 ஜூன் 18 மதியம் மாசசூசெட்ஸ் மாநிலம் முழுவதுக்குமே 911 நின்றுபோனது. இணையத் தாக்குதல் இல்லை. பாதுகாப்புக்காக வைத்திருந்த ஃபயர்வால் என்ற தடுப்பே அழைப்புகளை உள்ளே விடாமல் நிறுத்திவிட்டது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் பாஸ்டன் வட்டாரத்தில் மக்களுக்குச் சொன்ன மாற்று வழிகளில், நிலையத்தின் நேரடி எண்ணை அழையுங்கள், பக்கத்து நிலையத்துக்கு ஓடுங்கள் என்பவற்றோடு, தெருமுனைச் சிவப்புப் பெட்டியை இழுங்கள் என்பதும் இருந்தது. 1852ஆம் வருஷத்து யோசனை, 2024இல். நம் மேயர் ஒருவர் இப்படிச் சொல்லியிருந்தால் மீம் போட்டே தீர்த்துக்கட்டியிருப்போம்.

இதைக் கேட்டதும் பழசுதான் பலம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 1906இல் சான் ஃபிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் அந்த நகரத்தின் பெட்டிகள் ஒன்றும் கைகொடுக்கவில்லை. பெட்டிகளில் குறையில்லை. சைனா டவுனில் இருந்த தலைமை அலார நிலையத்தில் அலமாரி அலமாரியாக அடுக்கியிருந்த கண்ணாடிச் சாடி பேட்டரிகள் கீழே விழுந்து நொறுங்கின. வளையத்தில் ஓட வேண்டிய மின்னோட்டமே நின்றுவிட்டது. தெருவில் யார் எவ்வளவு இழுத்தும் அந்தப் பக்கம் கேட்பாரில்லை. தீயணைப்புத் தலைவர் டென்னிஸ் சல்லிவனும் அந்த அதிர்ச்சியிலேயே படுகாயம் பட்டு, சில நாளில் இறந்தார். தனி வழியாக இருந்தாலும் அதன் மறுமுனை ஒரே அறையில் முடிந்தால் அதுவும் ஒற்றை வாசல்தான். அந்த ஊர் பாடம் படித்துக்கொண்டு புதிய அலார நிலையத்தை உறுதியாகக் கட்டியது. நிலநடுக்கப் பயம் போகாததால் இன்றும் பெட்டிகளை விடாமல் வைத்திருக்கிறது.

பராமரிப்பைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாதிதான் சொன்னதாகும். அங்கே குளிர்காலத்தில் சாலைக்குக் கொட்டும் உப்பு இரும்பைத் தின்னும். கார் மோதிக் கம்பம் சாயும். தெரு தோண்டுபவர் கம்பியை அறுப்பார். ஸ்பிரிங்கைப் பார்த்து, தொடர்புமுனைகளைத் துடைத்து, ஒவ்வொரு பெட்டியையும் அவ்வப்போது சோதித்துக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். அந்தப் பித்தளை வேலை தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டே போகிறார்கள். பராமரிக்காத பெட்டி இல்லாத பெட்டியைவிட மோசம். நம்பி இழுத்தவர் உதவி வருகிறது என்று காத்துக்கொண்டிருப்பார். ஆகவே என் அளவுகோல் எளிது. கம்பியும் ஆளும் சோதனையும் இன்னும் ஒழுங்காக இருக்கிற பாஸ்டன் மாதிரி ஊர் அதைக் கழற்றக் கூடாது, கழற்றினால் திரும்பி வராது. இவையெல்லாம் ஏற்கனவே சிதைந்துவிட்ட ஊர், பெயருக்குச் சிவப்புச் சாயம் பூசி வைப்பதைவிட எடுத்துவிடுவது நேர்மை.

பெட்டி ஒழுங்காக இருந்தாலும் அது மட்டும் போதாது என்பதற்கு அந்த ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. பாஸ்டன் கோகோநட் குரோவ் என்ற கேளிக்கை விடுதியில் 1942 நவம்பர் 28 இரவு தீப்பிடித்து 492 பேர் இறந்தார்கள். நாட்டையே உலுக்கிய விபத்து. அன்று இரவு 10.15க்கு 1514ஆம் எண் பெட்டி அடித்தது, ஆனால் விடுதிக்காக அல்ல. பக்கத்துத் தெருவில் ஒரு கார் தீப்பிடித்ததற்கு. அதை அணைத்து முடித்த வீரர்கள் திரும்பிப் பார்த்தால் விடுதியிலிருந்து புகை. அதனால்தான் சில நிமிடத்துக்குள் அங்கே தண்ணீர் பாய்ந்தது. உள்ளே அடைபட்டவர்களுக்கு அதுவும் போதவில்லை. பூட்டியிருந்த கதவுகளும், உள்பக்கமாகத் திறக்கும் கதவுகளும், ஆள் நெரிசலில் சிக்கிய சுழல் கதவும்தான் அங்கே எமன். அலாரம் எவ்வளவு சீக்கிரம் அடித்தாலும் கதவு திறக்காவிட்டால் என்ன செய்வது?

சென்னைக்கு வருகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பல பகுதிகளில் செல்போன் செத்துக் கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆகவே கேள்வி நியாயமானது. ஆனால் என் பதில் வேண்டாம் என்பதுதான். பாஸ்டன் பெட்டியின் பலம் அதற்குப் பின்னால் நூற்றெழுபது ஆண்டாக இருக்கும் சொந்தக் கம்பி. அது நம்மிடம் இல்லை. புதிதாகப் போட்டால் மழைநீர் வடிகாலுக்கும் மெட்ரோவுக்கும் கேபிளுக்கும் மாறி மாறித் தோண்டும் நம் தெருவில் அது ஒரு பருவமழை தாங்குமா என்பதே சந்தேகம். தாங்கினாலும் ஸ்பிரிங்குக்குச் சாவி கொடுக்க ஆள் நியமிப்பார்களா? நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும் அவசர அழைப்புப் பெட்டிகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று காரில் போகும்போது ஒரு முறை நிறுத்திப் பாருங்கள்.

கம்பி வேண்டாம், அதன் பின்னிருக்கும் யோசனை வேண்டும்: வழக்கமான வழி அடைபடும் அன்று, அதோடு சம்பந்தமில்லாத இன்னொரு வழி. 2004 சுனாமியின்போது அந்தமானில் அப்படி ஒன்று தற்செயலாக வாய்த்தது. அங்கே அமெச்சூர் ரேடியோ பயணமாகப் போயிருந்த ஒரு குழுவின் கருவி, மற்ற தொடர்பெல்லாம் அறுந்தபோது செய்திகளைத் தாங்கியது. தற்செயலை நம்பக் கூடாது என்பதால்தான் காவல்துறையும் தீயணைப்புத் துறையும் தங்களுக்கென்று வயர்லெஸ் வைத்திருக்கின்றன. அது நிலையத்துக்கும் வண்டிக்கும் நடுவில். பொதுமக்களுக்கு அந்தப் பக்கம் போக வழியில்லை. வெள்ள நாளில் நடந்து போகக்கூடிய தூரத்தில் நிலையம் இருப்பது, அங்கே ஓர் ஆள் எப்போதும் இருப்பது, இந்த இரண்டும்தான் நமக்கு அடுத்த வழி. பெட்டியை விட இது மலிவு.

இன்னொன்றும் அந்த ஊரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், தெருப் பெட்டியைவிட இது முக்கியம் என்பேன். மாசசூசெட்ஸில் பள்ளி, மருத்துவமனை, பெரிய குடியிருப்புகள் பலவற்றின் வெளிச்சுவரில் மாஸ்டர் பாக்ஸ் என்று ஒரு பெட்டி இருக்கும். கட்டடத்துக்குள் எங்காவது புகையுணரி அலறினால், மனிதர் யாரும் தொடாமலே அந்தப் பெட்டி தன் எண்ணைத் தீயணைப்பு அலுவலகத்துக்குச் சொல்லிவிடும். பல ஊர்கள் தெருப் பெட்டியை எடுத்தபிறகும் இதை விடவில்லை. கம்பிக்குப் பதில் ரேடியோவில் அனுப்ப வைத்துக்கொண்டன. நம் அடுக்குமாடிகள் பலவற்றில் அலாரம் அந்தக் கட்டடத்துக்குள் மட்டும் அலறும். அதைக் கேட்டு, பொய்யா நிஜமா என்று பார்த்து, 101க்கோ 112க்கோ அழைக்க வேண்டியவர் வாசலில் இருக்கும் வாட்ச்மேன். அவருக்கு அந்தப் பேனலில் எந்த விளக்கு எந்தத் தளம் என்று யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா? அவர் போனில் அந்த நிலையத்தின் நேரடி எண் இருக்கிறதா? சத்தம் தொல்லை என்று யாரோ பேனலை அணைத்து வைத்திருக்கிறார்களா? ஊருக்குத் திரும்பியதும் சென்னையில் அடுக்குமாடியில் இருக்கும் உங்கள் உறவினரிடம் இந்த மூன்றையும் கேட்கச் சொல்லுங்கள். சங்கக் கூட்டத்தில் கேட்டால் ஐந்து நிமிட வேலை. பதில் தெரியவில்லை என்றால் செயலாளரை அங்கேயே பேனலுக்கு அழைத்துப் போய்க் காட்டச் சொல்லட்டும்.

கடைசியாக உங்களுக்கு. உங்கள் இந்திய சிம் அங்கே வேலை செய்யாவிட்டாலும், சிக்னல் கிடைக்கும் செல்போனிலிருந்து 911 போகும். அது சட்டம். போனே கையில் இல்லை அல்லது அழைப்பு போகவில்லை என்றால் பெட்டியை இழுங்கள். நிஜமான அவசரத்துக்கு இழுத்ததற்கு யாரும் உங்களைக் கோபிக்க மாட்டார்கள். இழுத்த பிறகு பெட்டிக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள். வண்டி அங்கேதான் வரும், தீ எந்த வீட்டில் என்று கைகாட்ட அவர்களுக்கு ஓர் ஆள் வேண்டும்.